பெயருக்கு ஒரு தர்மகர்த்தா

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் தங்கையின் மகன் ஒரு கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். அவனுடைய ஊரில் மூன்று தலைமுறையாக நடந்துவரும் ஒரு வித்யா தர்மத்துக்கு ஐந்து டிரஸ்டிகள் உண்டு. அவர்களில் ஒருவர் காலமாகிவிட்டபடியால், அந்த ஸ்தானத்தை ஏற்றுக்கொள்ளும்படி மற்ற நால்வரும் அவனை வேண்டி எழுதியிருந்தார்கள். முப்பத்தைந்து வயதிலேயே இப்படி ஒரு கௌரவம் வீடு தேடி வந்திருப்பதில் அவனுக்கு உண்டான சந்தோஷம் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"வேலை ஒன்றும் கிடையாதாம், மாமா. எல்லாவற்றையும் மானேஜிங் டிரஸ்டியே பார்த்துக்கொள்கிறாராம். வருஷத்துக்கு இரண்டு கூட்டம். போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் போதுமாம். பெயருக்குத்தான்" என்றான்.

பெயருக்குத்தான் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும், ஏறக்குறைய ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு காரியம், நேற்று நடந்ததுபோல என் மனக்கண் முன் வந்து நின்றது.

என் பெரியப்பா ஒரு சத்திரத்து தர்மத்துக்கு மூன்று டிரஸ்டிகளில் ஒருவராக இருந்தார். பழைய நாளில் அந்தச் சத்திரத்தின் ரொக்கமும் பத்திரங்களும் ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தனவாம். பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவிகளும் மூன்று பேர் வீட்டில் இருக்கும். மூவரும் வந்து நின்றாலன்றிப் பெட்டி திறவாது. ஒரு சாவிக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டால், அவர் திரும்பி வரும்வரையில் மற்ற இருவரும் காத்துக்கிடப்பார்களே தவிர, கொல்லனைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கலாம் என்று அவர்களுடைய சொப்பனத்திலும் தோன்றியதில்லை. பிறகு காலம் மாறிற்று. பணம் பாங்கிக்குப் போயிற்று. மூன்று பூட்டுக்குப் பதிலாகச் செக்கில் இரண்டு கையெழுத்து என்று தீர்மானம் ஆயிற்று. நான் சிறு பையனாக இருந்தபோது, சத்திரத்து விவகாரங்களைக் கவனித்துவந்த மற்றொரு டிரஸ்டி ஒரு நாள் காலையில் வந்து, அடிக்கடி வந்து தொந்தரவு செய்ய வேண்டியிருக்கிறதே என்று மிகவும் விநயமாகச் சொல்லி, ஒரு முழுச் செக்குப் புத்தகத்தைப் பெரியப்பாவின் முன்னால் வைத்தார். பெரியப்பா காபி குடித்துக்கொண்டே ஒவ்வொரு தாளாகத் திருப்பி, தொகையும் தேதியும் பெயரும் எழுதப்படாத இருபத்தைந்து செக்குகளிலும் தம் அழகான கையெழுத்தை இட்டார். பேனாவின் மை ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, ஒவ்வொரு தாளையும் வாயால் ஊதிக் காய வைக்கும் பணி எனக்குக் கொடுக்கப்பட்டது. நானும் அதை உற்சாகமாகவே செய்தேன்.

அந்தப் பணம் அரிசி வியாபாரத்தில் முடங்கி, வியாபாரம் நொடித்து, அந்த மனிதர் இன்ஸால்வென்ஸி மனுப் போட்ட பிற்பாடு, வழக்கு வந்தது. பெரியப்பா தர்மத்தின் காசில் ஒரு வெற்றிலைகூட வாங்கித் தின்றவர் அல்லர். அதை எதிர்க்கட்சி வக்கீலே கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் டிக்ரி அவர் பேரிலும் ஆயிற்று. ஆற்றுக்கால் பாசனத்தில் இருந்த நன்செய்யை விற்றுத்தான் அதைத் தீர்த்தார். "நான் என்னடா தப்புப் பண்ணினேன்?" என்று கடைசிவரையில் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சட்டம் படிக்கப் போனதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். அதற்குரிய விடையைத்தான் என் மருமானுக்குச் சொல்ல நேர்ந்தது. சொன்னதை விரித்து இங்கே எழுதுகிறேன்.

இந்திய டிரஸ்ட் சட்டம் 1882-ஆம் வருஷத்து இரண்டாவது சட்டம். வைஸ்ராயின் சபையில் சட்ட அங்கத்தினராக இருந்த விட்லி ஸ்டோக்ஸ் என்பவர் அதை வரைந்தார். அயர்லாந்தின் புராதன பாஷைகளில் மகா பண்டிதர் என்று கீர்த்தி பெற்றவர் அவர். அவருடைய வாசகத்தின் சுருக்கமும் தெளிவும் ஓர் இலக்கண நூலாசிரியரின் சூத்திரங்களை ஒத்திருப்பதை அந்தச் சட்டத்தைப் படிப்போர் உணர்வர். தனி மனிதர்களின் நன்மைக்காக ஏற்பட்ட டிரஸ்டுகளுக்கே அது நேராகப் பொருந்தும். தர்ம ஸ்தாபனங்களையும் சமயக் கட்டளைகளையும் வக்ஃபுகளையும் அதன் முதற்பிரிவே விலக்கிவிடுகிறது. இதைக் காட்டி, "எங்களுடையது பொது தர்மம், அந்தச் சட்டம் எங்களைக் கட்டாது" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் சட்டத்தின் வாசகம் கட்டாத இடத்திலும் அதன் உள்ளே இருக்கும் நியாயம் கட்டும் என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. மதராஸ் ராஜதானியிலிருந்து லண்டன் வரையில் சென்று 1921-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த மடத்து வழக்கொன்றில், மடாதிபதி ஆங்கிலேயச் சட்டம் கூறும் டிரஸ்டி அல்லர் என்று சொன்ன அதே தீர்ப்பிலேயே, நிர்வாகக் கேட்டுக்கு அவர் ஒரு டிரஸ்டியைப் போலவே ஜவாப்தாரி என்றும் சொல்லப்பட்டது. நம் மாநிலத்துக் கோயில்களுக்கான 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டமும், தன் சொந்தக் காரியத்தில் சாதாரண விவேகமுள்ள மனிதன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பானோ அவ்வளவு ஜாக்கிரதையை அறங்காவலரிடம் எதிர்பார்க்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 15-ஆவது பிரிவும் அதே அளவுகோலையே வைத்திருக்கிறது.

இனிப் பலர் கூடி நிர்வகிக்கும் விஷயத்துக்கு வருவோம். 48-ஆவது பிரிவு ஒரே வாக்கியம். டிரஸ்டிகள் ஒருவருக்கு மேற்பட்டு இருந்தால், பத்திரம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, எல்லோரும் சேர்ந்தே டிரஸ்டை நடத்த வேண்டும் என்பது அதன் பொருள். எங்கள் சத்திரத்து மூன்று பூட்டுப் பெட்டியைச் செய்த ஆசாரிக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அதையேதான் அவர் இரும்பில் செய்துவைத்தார். ஐந்து பேரில் மூவர் கூடி நிலத்தைக் கிரயம் செய்வதும், நால்வர் கூடிக் குத்தகைதாரனைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் விடுவதும், பெரும்பான்மைக்கு அதிகாரம் உண்டென்று பத்திரத்திலோ கோர்ட்டு வகுத்த திட்டத்திலோ கண்டிருந்தால் செல்லும். கண்டிராவிட்டால் பெருத்த வில்லங்கத்துக்கு இடமாகும். இதற்காகவே, டிரஸ்டியாக வருகிற எவரும் முதலில் கையில் வாங்க வேண்டியது மூலப் பத்திரத்தின் நகல் என்று நான் சொல்லுவது வழக்கம். பத்து வருஷம் டிரஸ்டியாக இருந்தும் அந்தப் பத்திரத்தைக் கண்ணால் பாராதவர்கள் பலரை நான் அறிவேன். பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் காரியம் உள்ள டிரஸ்டுக்குக் குறைந்தபட்சம் இரண்டு டிரஸ்டிகளாவது இருப்பதே தகும் என்று 60-ஆவது பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஒருவர் கையைப் பார்க்க மற்றொருவர் கண் வேண்டும் என்பதற்காகவே சட்டம் இரண்டாவது ஆளை விரும்புகிறது. கண்ணை மூடிக்கொண்டிருக்கும் இரண்டாவது ஆளால் அந்தப் பிரயோஜனம் எங்கே கிடைக்கும்?

என் பெரியப்பாவின் கேள்விக்கு விடை 26-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒரு டிரஸ்டி செய்த துரோகத்துக்கு, உடன் டிரஸ்டி என்ற ஒரே காரணத்தால் மற்றொருவர் பொறுப்பாகமாட்டார் என்று, கேட்பவருக்கு ஆறுதல் அளிக்கும் விதமாகவே அப்பிரிவு தொடங்குகிறது. ஆனால் அதன் கீழே மூன்று விதிவிலக்குகள் வருகின்றன. அந்த மூன்றில் ஒன்றில் அகப்படாத அசிரத்தைக்கார டிரஸ்டியை நான் என் தொழிலில் இன்னும் சந்திக்கவில்லை. சொத்தை உடன் டிரஸ்டியிடம் ஒப்படைத்துவிட்டு அது உரிய காரியத்துக்குச் சென்றதா என்று பாராமல் இருந்தவர், பொறுப்பாளி. உடன் டிரஸ்டி பணத்தைப் பெற்றுக்கொள்ள இடங்கொடுத்து, பிறகு அவர் அதை என்ன செய்தார் என்று தக்கபடி விசாரியாமல் இருந்தவரும், அவசியத்துக்கு மேற்பட்ட காலம் அவர் கையிலேயே பணம் தங்கும்படி விட்டவரும், பொறுப்பாளி. துரோகம் நடந்ததையோ நடக்கப்போவதையோ அறிந்தும், அதை மறைத்தவரும், நியாயமான காலத்துக்குள் தடுக்க முயலாதவரும், பொறுப்பாளி. சட்டம் ஓர் உதாரணமும் கொடுக்கிறது. ஒரு சொத்தை விற்று வந்த தொகையை முதலீடு செய்யும்படி இருவரிடம் ஒருவர் விட்டுச் செல்கிறார். இருவரும் சேர்ந்து விற்கிறார்கள். பணம் ஒருவர் கையில் தங்குகிறது. மற்றவர் இரண்டு வருஷம் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டுப் பிறகு முதலீடு செய்யச் சொல்லிக் கேட்கிறார். அதற்குள் முதலாமவர் நொடித்துப்போகிறார். வாளாவிருந்த அந்த இரண்டாமவர் தொகையை ஈடு செய்யக் கட்டாயப்படுத்தப்படலாம் என்கிறது சட்டம். 1882-இல் எழுதப்பட்ட அந்த வரிகளைச் சட்டக் கல்லூரியில் முதன்முதலாகப் படித்த தினத்தன்று, எங்கள் வீட்டுத் திண்ணையை நேரில் பார்த்தே எவரோ எழுதிவிட்டதாக எனக்குத் தோன்றிற்று.

ஒரு நியாயமான பாதுகாப்பு இங்கே உண்டு. ரசீதில் எல்லா டிரஸ்டிகளும் கையெழுத்திட வேண்டும் என்ற முறைமைக்காக மாத்திரம் கையெழுத்திட்டு, பணம் தம் கைக்கு வரவேயில்லை என்று ரூபிப்பவர், அந்தக் கையெழுத்து ஒன்றையே காரணமாகக் கொண்டு பொறுப்பாக்கப்படமாட்டார். இதைக் கேட்டுத் திருப்தி அடைகிறவர்கள், மேலே சொன்ன மூன்று விலக்குகளையும் மறுபடி ஒரு முறை படித்துவிடுவது நலம். கையெழுத்திட்டதற்காகப் பொறுப்பில்லை, கையெழுத்திட்ட பின் விசாரியாமல் இருந்ததற்குப் பொறுப்பு உண்டு.

இங்கிலாந்தில் இதே விஷயம் மூன்று சகோதரிகளின் வாழ்க்கையில் வந்து புகுந்தது. ராபர்ட் ஹியூஸ் என்பவர் 2,000 பவுனைத் தம் புதல்வியர் மூவர் பொறுப்பில் விட்டு, அதன் வருமானத்தைப் பாஹின் என்ற அம்மாளுக்கு அவருடைய ஆயுள் வரையிலும், பிறகு அவருடைய குழந்தைகளுக்கும் கொடுக்கும்படி எழுதிவைத்தார். மூவரில் எலைஸா என்ற மணமாகாத சகோதரியே காரியங்கள் எல்லாவற்றையும் பார்த்துவந்தார். மற்ற இருவரும் குடும்ப ஸ்திரீகளாக ஒதுங்கியிருந்தார்கள். எலைஸா, பத்திரம் அனுமதியாத விதமாக, குத்தகைக் காலத்துக்கு மட்டுமே உரிமையுள்ள வீடுகளின் ஈட்டின் பேரில் பணத்தைப் போட்டார், ஈடு போதாமற்போயிற்று. 1886-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை விசாரித்தபோது, ஒதுங்கியிருந்த சகோதரிகளில் ஒருவர் இறந்துபோயிருந்தார். அன்றைய சட்டப்படி அவருடைய கணவர் அந்தப் பொறுப்பைச் சுமந்து நின்றார். நஷ்டத்தை நாங்கள் ஈடு செய்ய நேர்ந்தாலும், காரியத்தைச் செய்த எலைஸா எங்களுக்கு அதைத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் கேட்டார். கேட்கும்போது நியாயமாகத்தான் ஒலிக்கிறது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஏதோ முயற்சி செய்து தவறியவரைக் காட்டிலும் ஒன்றுமே செய்யாதிருந்தவர் மேலானவர் என்று சொல்லுவதற்கு நீதிபதிகள் இசையவில்லை. அத்தகைய உரிமையை அளித்தால் அது டிரஸ்டிகளின் மனச்சாட்சிக்கு அபின் கொடுப்பது போலாகும் என்று நீதிபதி ஃப்ரை அஞ்சினார்.

நம்முடைய சட்டம் இவ்விடத்தில் சற்று இளகியிருக்கிறது. 27-ஆவது பிரிவின்படி, டிரஸ்டிகள் கூடித் துரோகம் செய்தாலும், ஒருவருடைய அசட்டையினால் மற்றவருக்குத் துரோகம் செய்ய வழி திறந்தாலும், ஒவ்வொருவரும் முழு நஷ்டத்துக்கும் பொறுப்பாளி. மூன்றில் ஒரு பங்குதானே என் பங்கு என்று பயனாளியிடம் வாதாட இடமில்லை. ஆயினும் முழுவதையும் கட்டிவிட்ட பின், குறைந்த குற்றமுள்ளவர் அதிகக் குற்றமுள்ளவரிடமிருந்து அதைத் திரும்பப் பெறலாம். அவர் இறந்துவிட்டால், வாரிசுகள் பெற்ற சொத்தின் அளவுக்கு அவர்களிடமிருந்து பெறலாம். எல்லோரும் சமக் குற்றவாளிகளானால் ஒருவருக்கொருவர் பங்கு கேட்கலாம். மோசடி செய்தவருக்கோ இந்த வழியில் வழக்குப் போடும் உரிமையே இல்லை. பெரியப்பாவுக்கும் இந்த உரிமை ஏட்டளவில் இருந்தது. இன்ஸால்வென்ஸி கோர்ட்டில் வரிசையில் நின்ற கடன்காரர்களோடு கடன்காரராக அவரும் நின்றார். நன்செய் திரும்பவில்லை.

அப்படியானால் ஐந்து பேரும் தினந்தோறும் ஆபீஸில் உட்கார வேண்டுமா என்று என் மருமான் கேட்டான். வேண்டாம். 47-ஆவது பிரிவு, பத்திரம் அனுமதித்தபோதும், வழக்கமான வியாபார முறையிலும், அவசியம் நேர்ந்தபோதும், தகுதியுள்ள பயனாளி சம்மதித்தபோதும் காரியத்தை இன்னொருவரிடம் விட இடங்கொடுக்கிறது. குமாஸ்தா வாடகை வசூலிக்கலாம்; மானேஜிங் டிரஸ்டி பாங்கிக்குப் போகலாம்; ஏலக்காரர் ஏலம் கூறலாம். எவனுக்கு வாடகைக்கு விடுவது, எந்தப் பிள்ளைக்குச் சம்பளம் கட்டுவது, நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்று யோசித்து முடிவு கட்டும் பொறுப்பை மட்டும் பிறரிடம் விட முடியாது. அந்த யோசனைக்காகவே பத்திரம் எழுதியவர் இந்த மனிதர்களை நம்பினார். அவருடைய நம்பிக்கை கைமாற்றிக் கொடுக்கத்தக்க சரக்கு அன்று.

கணக்கு விஷயத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஏனெனில் தர்மங்கள் கெடுவதெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. தெளிவும் சரியுமான கணக்கு வைத்திருக்க வேண்டும், பயனாளி கேட்கும் நியாயமான சமயங்களிலெல்லாம் அதைக் காட்ட வேண்டும் என்று 19-ஆவது பிரிவு விதிக்கிறது. இது நமக்குப் புதிதா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்தரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டுவித்த வாரிய விதிகளைப் பாருங்கள். ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் சம்வத்சர வாரியத்துக்கும் குடவோலை மூலம் ஆட்களைத் தேர்ந்தெடுக்க முறை வகுத்த அவர்கள், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனுடைய பெயரைக் குடத்தில் இடலாகாது என்றார்கள். அவன் பெயரோடு நில்லாமல், அவனுடைய நெருங்கிய பந்துக்களின் பெயரையும் இடலாகாது என்றார்கள். அந்தக் கல்வெட்டு வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. திருடினான் என்று ரூபித்த பிறகு தண்டிப்பது வேறு. கணக்குக் காட்டாததையே தகுதிக் குறைவாகக் கொள்வது வேறு. இரண்டாவதைத் தெரிந்துகொண்ட கிராமம், மனித சுபாவத்தை நன்றாக அறிந்த கிராமம்.

மூலதனத்தைக் காப்பதற்கும் நம் கல்வெட்டுகளில் அழகிய உவமானம் ஒன்று கிடைக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு 96 ஆடுகளை விட்டார்கள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்கோ சாவா மூவாப் பேராடு என்று பெயர். எந்த ஆடும் சாகாமலும் கிழடாகாமலும் இருக்குமா? ஒன்று செத்தால் ஈன்ற குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே வருவதால், கணக்கில் ஆடு சாவதில்லை. முதலும் குறையாமல் நெய்யும் தவறாமல் நடத்துகிற பொறுப்பு இடையனுடையது. இன்றைக்குப் பயன் பெறுகிறவனுக்கும் நாளைக்குப் பயன் பெறப்போகிறவனுக்கும் நடுவே டிரஸ்டி பட்சபாதமில்லாமல் இருக்க வேண்டும் என்ற 17-ஆவது பிரிவை இளம் வக்கீல்களுக்கு விளக்க, இந்த ஆட்டு மந்தையைத்தான் நான் எப்போதும் எடுத்துச் சொல்லுகிறேன்.

தர்மச் சொத்திலிருந்து சுயலாபம் தேடலாகாது, பத்திரமோ பயனாளியோ கோர்ட்டோ இடங்கொடுத்தாலொழிய உழைப்புக்குச் சம்பளம் கேட்கலாகாது, விற்கும் பொறுப்பை ஏற்றவரே வாங்குகிறவராகவும் வரலாகாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் சேர்ந்த டிரஸ்டில் அடிக்கடி நிகழ்வது 54-ஆவது பிரிவு தடுக்கும் காரியம்: டிரஸ்ட் பணத்தைத் தங்களில் ஒருவருக்கே கடனாகக் கொடுப்பது. நல்ல வட்டி, தெரிந்த மனிதர், நம்மவர் என்றெல்லாம் அப்போது சொல்லிக்கொள்வார்கள். கொடுத்தவர்களும் வாங்கினவரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, வாய்தா தப்பினால் கேட்பவர் யார்? டிரஸ்ட் பணத்தைத் தன் வியாபாரத்தில் போட்டவரிடமிருந்து கூட்டு வட்டியை வாங்குவதா, வந்த லாபத்தையே வாங்குவதா என்று தெரிந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் பயனாளிக்கே கொடுத்திருக்கிறது.

காலம் கடந்துவிட்டால் பயமில்லை என்று எண்ணுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக டிரஸ்டி வசம் விடப்பட்ட சொத்தை அவரிடமிருந்தோ, அவர் இறந்தபின் அவருடைய சட்டப் பிரதிநிதிகளிடமிருந்தோ மீட்பதற்கும், அதற்குக் கணக்குக் கேட்பதற்கும் கெடு எதுவும் கிடையாது. சாதாரணக் கடனுக்கு மூன்று வருஷம். தர்மத்துக்கு அந்த மூன்று வருஷமும் இல்லை, முப்பது வருஷமும் இல்லை. பொது தர்மமானால், அதில் சம்பந்தமுள்ள இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட்டின் அனுமதி பெற்று, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம். டிரஸ்டிகளை நீக்கவும் புதியவர்களை நியமிக்கவும் கணக்குக் கேட்கவும் நிர்வாகத் திட்டம் வகுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமாகித் தம் ஐசுவரியத்தைத் தர்மத்துக்கு விட்டுச் சென்றும், நெடுங்கால வியாஜ்யத்துக்குப் பிறகே 1842-இல் அவர் பேரால் சென்னையில் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. நடுவே சென்ற ஏறக்குறைய அரை நூற்றாண்டில் படிக்காமலே வளர்ந்துவிட்ட பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தர்மம் தாமதப்படுவதும் ஒருவகைத் திருட்டுத்தான். யார் வீட்டில் திருட்டுப் போயிற்று என்பது மட்டும் தெரிவதில்லை.

இவ்வளவையும் கேட்ட பிறகு மருமானின் முகத்தில் இருந்த சந்தோஷம் சற்று அடங்கியிருந்தது. "அப்படியானால் நல்லவர்கள் யாருமே டிரஸ்டியாக வரக்கூடாதா, மாமா?" என்றான். அவசியம் வர வேண்டும் என்றேன். விவேகமுள்ள மனிதனைப் போல நடந்துகொண்டவரைச் சட்டம் கைவிடுவதில்லை. கல்கத்தாவில் இருக்கும் டிரஸ்டி, நாணயத்தில் சந்தேகமில்லாத ஒருவருடைய உண்டியலை வாங்கி பம்பாயில் இருக்கும் பயனாளிக்கு அனுப்பி, அந்த உண்டியல் எதிர்பாராமல் திரும்பிவிட்டால், அவர் நஷ்டத்தைக் கட்ட வேண்டியதில்லை என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. சந்தேகம் வந்தால் 34-ஆவது பிரிவின்கீழ் கோர்ட்டின் ஆலோசனையைக் கேட்கலாம். மற்றவர்களோடு கருத்து மாறுபட்டால், மினிட் புத்தகத்தில் அந்த ஆட்சேபத்தைக் காரணத்தோடு எழுதச் சொல்லலாம். எழுத மறுத்தால் ரசீது பெற்றுத் தபாலில் அனுப்பலாம். காரியம் துரோகமாகத் தோன்றினால், எழுதியதோடு நில்லாமல் தடுக்கவும் வேண்டும். ஆனால் ஒன்று: உள்ளே போவதற்கு முன்பு மறுக்கச் சுதந்தரம் உண்டு, 10-ஆவது பிரிவு எவரையும் டிரஸ்டை ஏற்கக் கட்டாயப்படுத்துவதில்லை. ஏற்ற பிறகு, பத்திரம் விசேஷமாக இடங்கொடுத்தாலோ, தகுதியுள்ள பயனாளிகள் சம்மதித்தாலோ, கோர்ட்டு அனுமதித்தாலோ அன்றி, மனம்போன போக்கில் ராஜிநாமாக் கடிதம் எழுதிவிட்டு வீட்டுக்கு வர முடியாது.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் மேஜையிலிருந்தே ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தான். தன்னை நினைவு கூர்ந்ததற்கு வந்தனம் சொல்லிவிட்டு, மூலப் பத்திரத்தின் நகல், சொத்துக்களின் பட்டியல், கடைசி மூன்று வருஷத்துத் தணிக்கை செய்த கணக்கு, பாங்கி பாஸ் புத்தகத்தின் பிரதி, மினிட் புத்தகத்தைப் பார்வையிட ஒரு நாள், இவை ஐந்தையும் கேட்டிருந்தான். கூடவே, வெறும் செக்கில் கையெழுத்திடும் வழக்கம் இருக்கிறதா என்று ஒரு வரி சேர்த்தான். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடிதம் போய் மூன்று வாரம் ஆகிறது. பத்திரத்தின் நகலும் சொத்துப் பட்டியலும் வந்துவிட்டன. கணக்கு இன்னும் வரவில்லை. கூட்டத்துக்கு நாள் குறித்து நோட்டீஸ் மாத்திரம் வந்திருக்கிறது. கணக்கைப் பார்த்த பிறகே சம்மதக் கடிதம் தருவதாக அவன் பதில் எழுதியிருக்கிறான்.